தாத்தா, பாட்டி, பிள்ளைகளோடு ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ்: எதை முதலில் செய்வது, எதற்கு எப்போது பணம் கட்டுவது

அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், தாத்தா, பாட்டி என ஆறு பேர் சென்னையிலிருந்து கிளம்பி, ஒன்பது இரவு இத்தாலியில் தங்கும் பயணத்தை வைத்து இதை எழுதுகிறோம். இப்படிப்பட்ட பயணங்கள் பெரும்பாலும் பணம் போதாமல் கெடுவதில்லை. வரிசை தவறித்தான் கெடுகின்றன. விசா வருமுன் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டுக்குப் பணம் போகும், அல்லது திங்கட்கிழமை பூட்டியிருக்கும் மியூசியத்தின் வாசலில் ஆறு பேரும் நிற்பார்கள். கீழே உள்ள எண்களின் வரிசையிலேயே வேலைகளை முடியுங்கள்.

1. ஆறு பாஸ்போர்ட்டையும் மேசையில் பரப்புங்கள்

தேதி பார்ப்பதற்கும் முன்னால் செய்ய வேண்டியது இது. பிழை கிடைத்தால் திருத்தி வாங்க வாரக்கணக்கில் ஆகலாம்.

ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுதியான ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் பாஸ்போர்ட் குறைந்தது 3 மாதம் செல்ல வேண்டும். கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும், 2 பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் 5 ஆண்டுக்குத்தான் தருகிறார்கள் என்பதை மறந்து, கடைசி நேரத்தில் ஓடும் பெற்றோர் அதிகம்.

அடுத்து பெயர். நம் வீடுகளில் இதுதான் பெரிய சிக்கல். தாத்தாவின் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும், சர்நேம் கட்டம் காலியாகக் கிடக்கும். பேரனுக்கு இனிஷியல் விரிந்திருக்கும், பேத்திக்கு விரியாமல் இருக்கும். விமான நிறுவனங்கள் ஒற்றைப் பெயரை ஆளுக்கொரு விதமாகக் கையாளுகின்றன. டிக்கெட் எடுக்குமுன் அந்த நிறுவனத்தின் விதியைக் கேட்டுக்கொண்டு, அதே வடிவத்தை இன்ஷூரன்ஸ், ஹோட்டல், நுழைவுச்சீட்டு எல்லாவற்றிலும் எழுதுங்கள். போகும் வழியில் துபாயில் இறங்கி இரண்டு நாள் ஊர் பார்க்கும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களுக்கு 2022 நவம்பரில் அமீரகம் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெற்றோர் பெயரும் உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். விசா விண்ணப்பத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படும்.

2. ஊர்களை அல்ல, கிழமைகளை முதலில் அடுக்குங்கள்

"ரோமில் நாலு நாள், ஃப்ளோரன்ஸில் மூணு நாள்" என்று எண்ணிக்கையில் தொடங்குபவர்கள்தான் மூடிய கதவில் முட்டிக்கொள்கிறார்கள். மாறாத கிழமைகள் இவை:

- வாட்டிகன் மியூசியம் ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறக்கும். அன்று கூட்டம் நெருக்கும், பெரியவர்களோடு போக வேண்டாம்.
- புதன் காலையில் போப்பின் பொதுச் சந்திப்பு இருந்தால் புனித பேதுரு பேராலயத்துக்குள் மதியம் வரை போவது கடினம்.
- ஃப்ளோரன்ஸில் உஃபிஸி ஓவிய மியூசியமும், டேவிட் சிலை இருக்கும் அக்காடெமியாவும் திங்கள் விடுமுறை.
- ஃப்ளோரன்ஸ் கதீட்ரல் ஞாயிறு காலையில் வழிபாட்டுக்கு மட்டும்.
- மாதத்தின் முதல் ஞாயிறு அரசு மியூசியங்கள் இலவசம். ரோமின் பழைய அரங்கமான கொலோசியமும் அதில் சேரும், அதனால் அன்று அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

இவற்றை வைத்து அடுக்கினால் ஒரு நல்ல வரிசை கிடைக்கிறது. புதன் பிற்பகல் ரோமில் இறங்குங்கள். வியாழன் கொலோசியம், வெள்ளி வாட்டிகன், சனி பழைய கோயிலான பாந்தியோன், நவோனா சதுக்கம், ட்ரெவி நீரூற்று என்று மெதுவான நாள். ஞாயிறு ரயிலில் ஃப்ளோரன்ஸ். திங்கள் மியூசியம் இல்லாததால் பீசாவுக்கு ஒரு மணி நேர ரயில். செவ்வாய் உஃபிஸி. புதன் வெனிஸுக்கு ரயில், வியாழன் முழுக்க வெனிஸ், வெள்ளி விமானம்.

ரோமில் இறங்கி வெனிஸில் ஏறும்படி டிக்கெட் எடுங்கள். துபாய், தோஹா வழியாக இரண்டு ஊருக்கும் விமானம் இருக்கிறது. திரும்பவும் ரோமுக்கு வந்து ஏறுவது என்றால் ஆறு பேருக்கு ரயில் கட்டணமும் ஒரு முழு நாளும் வீணாகும்.

நம் ஊர் பள்ளி விடுமுறையில் மே மாதம் இதற்கு ஏற்றது. வெயில் தாங்கும்படி இருக்கும், எட்டு மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஜூலை, ஆகஸ்ட்டில் ரோமின் கல்தரை அனல் கக்கும். அறுபது தாண்டியவர்களை அழைத்துப்போகும் பருவம் அல்ல அது. ஜூன் 2 இத்தாலியின் குடியரசு நாள். கொலோசியத்துக்குப் போகும் பெரிய சாலையில் அணிவகுப்பு நடக்கும், அந்தத் தேதியை மட்டும் தவிருங்கள்.

3. விசா

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், கடைசியாக 15 நாள் முன்பு வரை. அந்தக் கடைசி எல்லையை நம்பவே கூடாது. முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், 45 நாள் வரையிலும் இழுக்கலாம். தவிர மே பயணத்துக்கான அப்பாயின்ட்மென்ட் நாட்கள் மார்ச் மாதத்திலேயே நிரம்பத் தொடங்கும். ஜனவரி, பிப்ரவரியில் விசா விண்ணப்பங்களை வாங்கும் சென்னை விஎஃப்எஸ் மையத்தில் ஆறு பேருக்கும் ஒரே நாளில் நேரம் பிடியுங்கள்.

கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, ஆறுக்குக் கீழே இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 12 வயதுக்குக் கீழே கைரேகை எடுப்பதில்லை.

எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இத்தாலி மட்டும் போகிறவர்களுக்கு இதில் குழப்பமில்லை. "பாரிஸையும் மூணு நாள் சேர்த்துக்கலாம்" என்று பாதியில் திட்டம் மாறினால் இரவுகளை மறுபடி எண்ணுங்கள்.

குடும்ப விண்ணப்பங்கள் சறுக்கும் இடங்கள் மூன்று.

முதலாவது, வங்கிக் கணக்கு. விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் எங்கிருந்தோ ஐந்து லட்சம் வந்து விழுந்தால் அதிகாரி அதைத்தான் முதலில் பார்ப்பார். மாதாமாதம் சம்பளம் வந்து, செலவாகி, மீதி நிற்கும் கணக்கே நம்பிக்கை தரும். வைப்புநிதி இருந்தால் அதன் சான்றை இணையுங்கள், உடைத்துக் கணக்கில் போட வேண்டியதில்லை.

இரண்டாவது, தாத்தா பாட்டியின் செலவு. ஓய்வூதியக் கணக்கு மட்டும் போதாது. செலவை மகனோ மகளோ ஏற்கிறார் என்ற கடிதம், அவருடைய வங்கிக் கணக்கு நகல், வருமான வரிக் கணக்கு, உறவுக்கான ஆதாரம் ஆகியவற்றைத் தாத்தா, பாட்டி இருவரின் கோப்பிலும் தனித்தனியாக வையுங்கள். மகனின் கோப்பில் இருக்கிறதே என்று விட்டுவிட்டால், கோப்புகள் பிரிந்து போகும்போது அவர்களுடையது மொட்டையாக நிற்கும்.

மூன்றாவது, இன்ஷூரன்ஸ். மருத்துவச் செலவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத காப்பீடு கட்டாயம், ஷெங்கன் பகுதி முழுவதும் செல்ல வேண்டும். மலிவான பாலிசிகள் விசாவுக்குப் போதும். ஆனால் தாத்தாவுக்கு சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால், ஏற்கெனவே உள்ள நோய் திடீரென முற்றினால் செலவு கிடைக்குமா என்ற வரியைத் தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள். இதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

விசா கையில் வந்ததும் பெயர், தேதி, எத்தனை நாள், எத்தனை நுழைவு என்ற நான்கையும் மையத்திலேயே சரிபாருங்கள். ஒரே நுழைவு விசா என்றால் வாட்டிகனுக்குள் போகலாமா என்று பலரும் பயப்படுகிறார்கள். அங்கே எல்லைச் சோதனை கிடையாது, நுழைவு கணக்கில் கழியாது.

4. விசா வருமுன் எதற்குப் பணம் கட்டலாம்

விமானத்துக்குப் பணம் கட்டாத முன்பதிவு, ரத்து செய்யக்கூடிய ஹோட்டல், இன்ஷூரன்ஸ். இவை மூன்றும் விண்ணப்பத்துக்குப் போதும். ரயிலும் நுழைவுச்சீட்டும் விசாவுக்குப் பிறகு.

ஹோட்டல் முன்பதிவில் ஆறு பேரின் பெயரும் இருக்க வேண்டும். குடும்பத் தலைவர் பெயரில் மட்டும் எடுத்த முன்பதிவு, பாட்டியின் விண்ணப்பத்தில் "தங்குமிடம் எங்கே" என்ற கேள்வியை எழுப்பும்.

5. தங்குமிடம்: லிஃப்ட், படிக்கட்டு, ரயில் நிலையத்தின் தூரம்

அங்கே தரைத்தளம் சுழியம். "இரண்டாம் மாடி" என்று போட்டிருந்தால் நம் கணக்கில் இரண்டு மாடி முழுதாக ஏற வேண்டும். பழைய கட்டடங்களில் ஒரு மாடியே உயரம் அதிகம். லிஃப்ட் இருக்கிறது என்பதோடு, அது தெருவாசலிலிருந்தே தொடங்குகிறதா என்றும் கேளுங்கள். லிஃப்டுக்குப் போகவே பத்துப் படி ஏற வேண்டிய கட்டடங்கள் உண்டு.

ஆறு பேருக்கு இரண்டு படுக்கையறை வீடு எடுப்பது நல்லது. சமையலறை இருந்தால் இரவில் ஒரு ரசம், சோறு ஆகிவிடும். மூன்றாம் நாளுக்குமேல் பெரியவர்களைத் தெம்பாக வைத்திருப்பது அதுதான். இத்தாலியக் குளியலறைகளில் பிடே எனப்படும் தண்ணீர்த் தொட்டி அனேகமாக எங்கும் இருக்கும், நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

ஊர் வரி என்று ஆளுக்கு, இரவுக்கு இத்தனை யூரோ எனத் தனியே வாங்குவார்கள். முன்பதிவுத் தொகையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. ரோமில் 10 வயதுக்குக் கீழே விலக்கு உண்டு.

வாடகைக் கார் இந்த மூன்று ஊருக்கும் வேண்டாம். நகர மையங்களில் அனுமதி இல்லாத வண்டி நுழைந்தால் கேமரா பிடிக்கும், அபராதம் மாதங்கள் கழித்து இந்தியாவுக்கே வரும். வெனிஸுக்குள் சாலையே இல்லை.

6. ரயில்

ட்ரெனிட்டாலியா, இட்டாலோ என்ற இரண்டு நிறுவனங்கள் ஓட்டுகின்றன. ரோம் தெர்மினியிலிருந்து ஃப்ளோரன்ஸுக்கு ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து வெனிஸுக்கு இரண்டே கால். முன்கூட்டி எடுத்தால் விலை பாதிக்கும் கீழே இறங்கும். பெரியவருடன் வரும் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாத குடும்பச் சலுகை இரண்டிலும் உண்டு, தேடும்போதே பிள்ளைகளின் வயதைச் சரியாகக் கொடுங்கள்.

ஊர்ப்பெயர்களை இத்தாலிய மொழியில் தேடுங்கள்: ரோமா தெர்மினி, ஃபிரென்ஸே சாந்தா மரியா நொவெல்லா, வெனேஸியா சாந்தா லூசியா. வெனேஸியா மெஸ்த்ரே என்பது கடலுக்கு இந்தப் பக்கம் உள்ள வேறு நிலையம். அங்கே இறங்கிவிட்டு "வாய்க்கால் எங்கே" என்று தேடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

நிலையப் பலகையில் உங்கள் ஊரின் பெயர் இருக்காது. ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் ஊர்தான் இருக்கும். ஃப்ளோரன்ஸ் வண்டிக்கு மிலானோ என்றோ தொரினோ என்றோ போட்டிருக்கலாம். ஆகவே ரயில் எண்ணைப் பாருங்கள். நடைமேடை எண் கிளம்பச் சில நிமிடம் இருக்கும்போதுதான் தெரியும். ஆறு பேரும் பெட்டிகளோடு பலகைக்கு அருகிலேயே நின்று, எண் வந்ததும் நகருங்கள்.

பீசாவுக்குப் போவது சாதாரண வட்டார ரயில். அதற்குக் காகிதச் சீட்டு எடுத்தால் ஏறுமுன் நடைமேடை அருகே உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். சீட்டு கையில் இருந்தும் முத்திரை இல்லாவிட்டால் அபராதம்தான்.

7. நுழைவுச்சீட்டு: எது எப்போது திறக்கும்

ஒரு நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அதிகாரபூர்வ தளங்களில் மட்டும் வாங்குங்கள். தேடலில் மேலே வருபவை பெரும்பாலும் இடைத்தரகர்கள்.

வாட்டிகன் மியூசியம் சுமார் 60 நாள் முன்பு திறக்கும். பெரியவருக்கு 20 யூரோ, இணைய முன்பதிவுக்கு 5 யூரோ. அந்த 5 யூரோ வெயிலில் இரண்டு மணி நேரம் நிற்காமலிருக்கக் கொடுக்கும் விலை, தயங்காதீர்கள்.

கொலோசியம் 30 நாள் முன்பு. 18 யூரோ சீட்டில் பக்கத்திலுள்ள பழைய ரோம இடிபாடுகளான ஃபோரமும் பலட்டைன் குன்றும் சேரும். 18 வயதுக்குக் கீழே எந்த நாட்டவருக்கும் இலவசம், ஆனால் அவர்களுக்கும் சீட்டு எடுத்தே ஆக வேண்டும். "பிள்ளைக்கு இலவசம்தானே" என்று விட்டுவிட்டு, அந்த நேரத்துக்கு இடம் நிரம்பி வாசலில் நிற்பவர்கள் உண்டு. சீட்டில் பெயர் அச்சாகும், பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். முதல் படியில் சொன்ன பெயர் வேலை இங்கே கைகொடுக்கும். சர்நேம் கட்டம் நிரப்பாமல் நகராவிட்டால் ஒற்றைப் பெயரையே இரண்டு கட்டத்திலும் எழுதுங்கள்.

கொலோசியத்தில் பெட்டி வைக்க இடம் கிடையாது, பெரிய பைக்கு அனுமதியும் கிடையாது. ஆகவே ரயில் ஏறும் நாளில் அதை வைக்காதீர்கள். உள்ளே லிஃப்ட் இருக்கிறது. ஃபோரம்தான் பெரியவர்களுக்குச் சிரமம்: மேடுபள்ளமான பழைய கருங்கல் பாதை, நிழல் குறைவு. தாத்தா பாட்டியோடு ஒருவர் வெளியே இருந்துவிட, மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு வருவதே சரி.

ஃப்ளோரன்ஸ் கதீட்ரலின் குவிமாடம் 463 படி, லிஃப்ட் இல்லை, நேரம் குறித்த சீட்டு இல்லாமல் ஏற முடியாது. பேதுரு பேராலயத்தில் லிஃப்ட் உண்டு, ஆனால் அது பாதி வழிதான். அதற்குமேல் 320 படி, குறுகலாக, சாய்வாக. லிஃப்ட் என்ற சொல்லைக் கேட்டு மூட்டுவலிக்காரர்களை அனுப்பிவிட வேண்டாம், நடுவில் திரும்ப முடியாது. பீசா கோபுரத்தில் 8 வயதுக்குக் கீழே உள்ளவர்களை ஏற்றுவதில்லை.

வெனிஸ் தோஜே அரண்மனைச் சீட்டை 30 நாள் முன்பே எடுத்தால் விலை குறைவு.

8. பெட்டிக்குள்

ஆளுக்கு ஒரே பெட்டி. அவரவர் பெட்டியை அவரவரே படியில் தூக்க முடியுமா என்று வீட்டு மாடிப்படியில் ஒருமுறை பாருங்கள். வெனிஸில் ஒவ்வொரு பாலமும் படிக்கட்டுதான்.

இறைச்சியும் பால்பொருட்களும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துப்போகத் தடை. நெய், பால்கோவா, பன்னீர் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அரிசி, ஊறுகாய் போகலாம். பொடிக்கு நல்லெண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் 230 வோல்ட், நம் ஊரைப் போலவே. நம் மூன்று முள் பிளக் மட்டும் நுழையாது, அடாப்டர் வேண்டும். மாத்திரைகள் கைப்பையில், மருந்தின் மூலப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டோடு இருக்கட்டும். கோயில்களைப் போலவே பேராலயங்களிலும் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பிள்ளைகளின் கையில்லாத சட்டைக்கு மேலே போட ஒரு துண்டு பையில் வையுங்கள்.

9. இறங்கும் நாள்

2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லையில் புதிய பதிவுமுறை வந்திருக்கிறது. முதல் முறை நுழையும்போது முகப்படம் எடுப்பார்கள், விசாவுக்குக் கொடுத்த கைரேகையோடு ஒப்பிட்டும் பார்க்கலாம், ஆறு பேருக்கு நேரம் பிடிக்கும். அன்று எதையும் முன்பதிவு செய்யாதீர்கள். விமானத்தில் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் 48 மணி நேரம் முன்பே சொல்லிவைத்தால், எல்லைச் சோதனையிலும் அந்த வரிசை சீக்கிரம் நகரும்.

ஃபியூமிசினோ விமான நிலையத்திலிருந்து தெர்மினிக்கு லெயனார்தோ எக்ஸ்பிரஸ் ரயில் ஆளுக்கு 14 யூரோ. பழைய மதிலுக்குள் உள்ள நகர மையத்துக்கு டாக்ஸியில் நிலையான கட்டணம் உண்டு, அது வண்டிக்குத்தான், ஆளுக்கல்ல. நாலு பேர் சேர்ந்தாலே ரயிலுக்கு ஈடாகிவிடும். அதிகாரபூர்வ வெள்ளை டாக்ஸி வரிசையில் மட்டும் நில்லுங்கள், உள்ளே வந்து கூப்பிடுபவர்களோடு போகாதீர்கள்.

மெட்ரோவில் வங்கி அட்டையைத் தட்டி நுழையலாம். ஒரு அட்டை ஒரு ஆளுக்குத்தான். ஒரே அட்டையை ஆறு முறை தட்டினால் வேலை செய்யாது. ரோமில் 10 வயதுக்குக் கீழே இலவசம். பணப்பையை எப்போதும் முன்னால் வையுங்கள், குறிப்பாக தெர்மினியிலும் 64 எண் பேருந்திலும்.

ஏடிஎம்மிலும் கடையிலும் "ரூபாயிலா, யூரோவிலா" என்று இயந்திரம் கேட்கும். எப்போதும் யூரோ. ரூபாய் என்றால் மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான்.

10. ஒரு நாளை எப்படி ஓட்டுவது

கோடையில் இத்தாலி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். முதல் இரண்டு நாள் பிள்ளைகள் அதிகாலை நான்குக்கே விழித்துக்கொள்வார்கள். தூங்கவைக்கப் போராடாமல் அதைப் பயன்படுத்துங்கள்: ஆறரைக்கு ட்ரெவியில் ஆளே இருக்காது. பெரிய இடங்களின் முதல் நேரச்சீட்டை இந்த நாட்களில் வையுங்கள்.

காலையில் ஒரு பெரிய இடம், மதியம் அறைக்குத் திரும்பி ஓய்வு, மாலை ஒரு சதுக்கம். இதற்குமேல் ஏற்றினால் மூன்றாம் நாள் யாராவது படுத்துவிடுவார்கள். உணவகங்கள் மதியம் இரண்டரைக்கு மூடி, இரவு ஏழு, ஏழரைக்குத்தான் திறக்கும். ஐந்து மணிக்குப் பசிக்கும் பிள்ளைக்குப் பையில் ஏதாவது இருக்கட்டும்.

சைவர்களுக்கு மர்கரீட்டா பீட்சா, தக்காளி பாஸ்தா, பூண்டும் எண்ணெயும் போட்ட ஆலியோ எ ஒலியோ, காரத்துக்கு அர்ராபியாத்தா. சூப்பில் இறைச்சிச் சாறு சேர்ந்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். புத்தனெஸ்கா பெயரில் தெரியாவிட்டாலும் நெத்திலி இருக்கும். பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறையவைக்கப்படுவது. கண்டிப்பான சைவர்கள் "சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ" என்று சொன்னால் பாலாடைக்கட்டி இல்லாமல் தருவார்கள். மெனுவில் பெப்பெரோனி என்றிருந்தால் பயப்பட வேண்டாம், அங்கே அது குடைமிளகாய்.

ரோமின் தெருக்குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது, புட்டியை அங்கேயே நிரப்பலாம். கழிப்பறைக்கு மியூசியத்தை விட்டு வெளியேறுமுன் எல்லோரும் ஒருமுறை போய்வர வேண்டும் என்பதை விதியாக வையுங்கள். தெருவில் தேடினால் கிடைப்பது அரிது, ரயில் நிலையத்தில் சில்லறை வேண்டும்.

11. வெனிஸ்

சாந்தா லூசியா வாசலிலேயே படகு நிறுத்தம். வபொரெத்தோ படகில் 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ, 48 மணி நேரச் சீட்டு 35 யூரோ. நாலு முறை ஏறினாலே பின்னது லாபம். 1 எண் படகு பெரிய வாய்க்கால் முழுக்க மெதுவாகப் போகும், நடக்க முடியாதவர்களுக்கு அதுவே ஊர் சுற்றல்.

கொண்டோலா 30 நிமிடத்துக்குப் பகலில் 90 யூரோ, மாலை ஏழுக்குமேல் 110. படகுக்கு இந்த விலை, ஆளுக்கல்ல. ஐந்து பேர்தான் ஏறலாம். ஆறு பேர் குடும்பத்தில் யார் கரையில் நிற்பது என்பதை அங்கே போய் முடிவு செய்யாதீர்கள்.

வசந்தம், கோடையின் குறிப்பிட்ட நாட்களில் பகல்நேர வருகையாளர்களுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. வெனிஸில் இரவு தங்குபவர்களுக்கு அது கிடையாது, ஆனால் விலக்கை இணையத்தில் பதிந்து, அந்தக் குறியீட்டைக் கைபேசியில் வைத்திருக்க வேண்டும்.

கடைசி நாள் விமான டிக்கெட்டை இன்னொரு முறை பாருங்கள்: மார்கோ போலோ விமான நிலையமா, த்ரெவீசோ விமான நிலையமா? இரண்டும் வேறு வேறு ஊர். மார்கோ போலோவுக்குப் படகில் போவது அழகு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலை விமானம் என்றால் பியாத்ஸாலே ரோமாவிலிருந்து பேருந்து, சுமார் 20 நிமிடம். வீட்டிலிருந்து பியாத்ஸாலே ரோமா வரை எத்தனை பாலம் என்பதை முந்தைய நாள் மாலை வெறுங்கையோடு நடந்து எண்ணிவிடுங்கள், ஒவ்வொரு பாலத்துக்கும் ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.